பிழைச் செய்தி திரைக்கா, கோப்புக்கா? சிபேனலின் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்

சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில், பிஎச்பி நிரல்மொழியின் அமைப்புகளை மாற்றும் கருவிதான் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர். மொரீஷியசில் பகிர்வு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிரும் சேவையில்) தளம் நடத்தும் கோயில் சங்கங்களுக்காகவே அதைப் பற்றிய இந்த மதிப்புரை. தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் பக்கம் தடுமாறினால், பக்தர் கண்ணில் பட வேண்டியது “சற்று நேரம் கழித்து முயலவும்” என்ற ஒரு வரிதான். “வார்னிங்: அன்டிஃபைன்ட் அரே கீ” என்று தொடங்கி, கோப்பின் முழுப் பாதை, அதற்குள் ஹோஸ்டிங் கணக்கின் பயனர்பெயர், வரி எண் எல்லாம் திரையில் கொட்டவே கூடாது. பிஎச்பி 7இல் வெறும் நோட்டீசாக இருந்த இந்தச் செய்தி 8இல் வார்னிங் ஆகிவிட்டது; பழைய தளத்தைப் புதுப்பித்ததும் திடீரெனத் தலைகாட்டுவது அதனால்தான்.

மறைப்பது எளிது. எடிட்டரின் எளிய பக்கமான பேசிக் மோடில் தளத்தைத் தேர்ந்தெடுத்து, பிழையைத் திரையில் காட்டும் டிஸ்பிளே_எரர்ஸ் சுவிட்சை அணைத்து அப்ளை கொடுத்தால் போதும். நிரல் தெரியாத செயலாளரும் செய்துவிடலாம். நிரலின் தலையில் அதே அமைப்பை மாற்றும் ஐஎன்ஐ_செட் கட்டளையை எழுதுவதைவிட இது பல மடங்கு மேல்: அதே கோப்பில் தொடரியல் பிழை (நிரல் இலக்கணத் தவறு) இருந்தால் அந்த வரி ஓடவே ஓடாது, செய்தி திரைக்கு வந்துவிடும்.

பெரிய குறை ஒன்று உண்டு. பிழைகளைக் கோப்பில் பதியச் சொல்லும் லாக்_எரர்ஸ், அந்தக் கோப்பின் இடத்தைச் சொல்லும் எரர்_லாக் இரண்டும் பேசிக் மோடில் இல்லை. பதிவும் அணைந்திருந்தால் மிஞ்சுவது வெள்ளைப் பக்கம்தான், துப்புத் துலக்க ஒன்றும் இருக்காது. அமைப்பு வரிகளை நேரடியாக எழுதும் எடிட்டர் மோடுக்குப் போய் லாக்_எரர்ஸை ஆன் செய்து, எரர்_லாகுக்கு முழுப் பாதை கொடுங்கள். அந்தப் பதிவுக் கோப்பு, இணையத்துக்குத் திறந்திருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே ஏதோ ஒரு பெயரில் வைத்தால் உலாவியில் யாரும் திறந்து படிக்கலாம். கோப்புறையை முன்கூட்டியே உருவாக்குங்கள், பிஎச்பி உருவாக்கித் தராது.

சேமித்ததும் மாறவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். அமைப்பு .யூசர்.ஐஎன்ஐ என்ற கோப்பு வழியாகப் போகும்போது பிஎச்பி அதை இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் படிக்கும். அவசரப்பட்டு சர்வருக்கான .எச்டிஆக்செஸ் கோப்பில் பிஎச்பி_ஃபிளாக் என்ற அமைப்பு வரியைக் கையால் சேர்த்தால், பிஎச்பியைத் தனியாக இயக்கும் எஃப்பிஎம் ஓடும் சர்வரில் தளம் முழுவதும் 500 என்ற சர்வர் பிழையில் விழும்.

வேர்ட்பிரஸ் தளமானால் அதன் பிழைதேடும் அமைப்பான டபிள்யூபி_டீபக் ட்ரூவாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இந்த சுவிட்சை மீறித் திரையில் காட்டும்; டபிள்யூபி_டீபக்_டிஸ்பிளேயை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

நேர மண்டலத்தைக் குறிக்கும் டேட்.டைம்ஜோனில் இந்தியன்/மொரீஷியஸ் என்று கொடுக்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பதிவில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் விழும், நம் கடிகாரத்துக்கு 4 மணி நேரம் பின்னால்.