கடற்படை கழித்துவிட்ட டக்: குமரிக் கடற்கரைக்கு ஒத்துவருமா?

கடற்படைத் தளங்களில் காலம் முடிந்த டக்குகள், அதாவது கப்பலை இழுக்கவும் தள்ளவும் பயன்படும் இழுவைப் படகுகள், மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் மின் ஏலத்துக்கு வருவதுண்டு. சாம்பல் பெயின்ட், அணியத்தில் தொங்கும் தடித்த பெண்டர் (மோதலைத் தாங்கும் மெத்தை), மேலே தண்ணீர் பீரங்கி என்று படத்தில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஒன்றை எடுத்து குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ போட்டால் காசு பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்புரை. 10 டன் வகையை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டன் வகை நம் மாவட்டத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இந்த டன் படகின் எடை அல்ல. கரைக் குற்றியில் வடத்தைக் கட்டி, நடுவில் இழுப்பை அளக்கும் லோடு செல் மாட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால் கிடைக்கும் இழுப்பு. புரப்பெல்லர் திறந்தபடி இருந்தால் 100 குதிரைத்திறனுக்கு 1.1 முதல் 1.2 டன் வரும். அதைச் சுற்றிக் கோர்ட் நாசில் வளையம் இருந்தால் 1.4, 1.5 வரை போகும். அதனால் 2,000 குதிரைத்திறன், ஒரே திறந்த புரப்பெல்லர் உள்ள டக்கை '30 டன்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். புதிதாக இருந்தபோதே 24 டன்னைச் சுற்றித்தான் இழுத்திருக்கும்.

25 டன் ஏன் வேண்டாம்? ஆழம்தான் காரணம். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் நான்குமே விசைப்படகுகளுக்காகக் கட்டிய மீன்பிடித் துறைமுகங்கள். அமெரிக்கக் கடற்படையின் நேட்டிக் வகை டக்கை அளவுகோலாக எடுத்தால், 109 அடி நீளம், 2,000 குதிரைத்திறன், தண்ணீருக்குள் 14 அடி. அதாவது நாலேகால் மீட்டர். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் ஏறும் காலத்தில் விசைப்படகே தட்டுகிறது. இது உள்ளே வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டரை மீட்டருக்குள் மிதப்பது கிடைத்தால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்த கேள்வி, அதற்கு என்ன வேலை இருக்கிறது என்பது. தூண்டில் வளைவுக்கு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டும் கல் சுவர்) கல் கொண்டுபோகலாம் என்பார்கள். நம் ஊரில் அந்தக் கல் டிப்பரில் வந்து கரையிலிருந்தே கொட்டப்படுகிறது. பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகும் கிடையாது, இழுக்க டக்கும் தேவையில்லை. விழிஞ்ஞம் குளச்சலிலிருந்து 20 கடல் மைல்தான், ஆனால் அங்கே வருவது 400 மீட்டர் நீளக் கப்பல்கள். அதற்குப் புதிய டக்குகள் நிற்கின்றன. இருந்த இடத்திலேயே திரும்பும் அசிமுத் புரப்பெல்லர் கொண்டவை. அவற்றோடு பழைய ஒற்றைப் புரப்பெல்லர் டக் போட்டி போட முடியாது. மிஞ்சுவது தூர்வாரும் வேலைக்குத் துணை, எஞ்சின் நின்ற படகை இழுத்து வருவது, தீயணைப்பு. இந்த மூன்றுக்கும் உண்மையிலேயே தேவை இருக்கிறது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் படகை இழுப்பது கப்பலைத் தள்ளுவது போன்ற வேலை அல்ல. பைபர் படகின் முன் குற்றியில் வடத்தைப் போட்டு 10 டன் டக் ஒரு வெட்டு வெட்டினால் குற்றி தளத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். பாரத்தை இரண்டு பக்கமும் பகிர்கிற மாதிரி 'வி' கயிறு கட்டி, அதிலிருந்து நைலான் வடம் விட வேண்டும். நைலான் நீண்டு கொடுக்கும், வெட்டு குறையும். டக்கும் படகும் ஒரே நேரத்தில் அலை உச்சியில் இருக்கும்படி வடத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வேகம் 4, 5 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) தாண்ட வேண்டாம். சிக்கலே இங்கேதான்: பெரிய எஞ்சின் டக்குகள் பல, எஞ்சின் நிற்காமல் ஓடும் மிகக் குறைந்த சுற்றிலேயே 5 நாட் போய்விடும். பார்வையிடும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மெல்லிய தகடு கொண்ட போர்க்கப்பலோடு உரச வேண்டியவை என்பதால் பெண்டர் அமைப்பு தாராளமாக இருக்கும். தீயணைப்புப் பம்பும் குழாயும் பெரும்பாலும் கூடவே வரும். பேர்ல் ஹார்பரில் 1941 டிசம்பர் 7 அன்று நெவாடா போர்க்கப்பலைக் கரை ஏற்றத் துணைநின்ற ஹோகா என்ற டக், 1948-ல் ஓக்லாந்து நகரத்தின் தீயணைப்புப் படகாகிப் பின்னர் 40 ஆண்டுக்கு மேல் உழைத்தது. இன்று ஆர்கன்சாவில் அருங்காட்சியகப் பொருள். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 74 அடி நீளத்தில் 182 'டிட்' டக்குகளை, லாரியில் ஏறும் அளவுத் துண்டுகளாகச் செய்து பற்றவைத்தார்கள். 220 குதிரைத்திறன் நீராவிதான். போர் முடிந்ததும் அவற்றில் பல, சாதாரணத் துறைமுகங்களில் வேலைக்குப் போயின. சிறியதற்கு இரண்டாவது வாழ்க்கை எளிதில் கிடைக்கிறது.

பார்வையிட அனுமதி கிடைத்தால் முதலில் எஞ்சின் அறைக்கு ஓடாதீர்கள். தகடுதான் முக்கியம். கடற்படையில் ரீஃபிட் என்ற ஒவ்வொரு பெரிய பராமரிப்பிலும் பெயின்ட் மேல் பெயின்ட் ஏறியிருக்கும். தகட்டின் தடிமன் பார்க்கும் சாதாரண அல்ட்ராசோனிக் கருவியை அதன்மேல் வைத்தால் பெயின்டையும் தகடாக எண்ணிக் கூட்டிக் காட்டும். சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், அல்லது பெயின்டை விட்டுத் தகட்டை மட்டும் அளக்கும் மல்டி எக்கோ கருவி கொண்டுவரச் சொல்ல வேண்டும். 10 மி.மீ. தகடு 8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் செலவை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். துரு ஒளிந்திருக்கும் இடங்கள் எல்லா டக்கிலும் ஒன்றுதான்: நங்கூரச் சங்கிலி அறை, கடல்நீர் உறிஞ்சும் பெட்டி, குளியலறை டைலுக்கு அடி, எஞ்சினுக்குக் கீழே எண்ணெயும் தண்ணீரும் தேங்கும் பள்ளம், எல்லாவற்றையும்விடப் பெண்டருக்குப் பின்புறம். பெண்டரின் போல்ட் வரிசைக்குக் கீழே பழுப்புக் கோடு வழிந்திருந்தால் உள்ளே தகடு தின்னப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் 'குறைந்த மணி நேரம்தான் ஓடியது' என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். துறைமுக டக் பெரும்பாலான நேரம் பாரம் இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும். அப்படி ஓடும் டீசல் எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரியாது. லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி ஆயிலைக் குடிக்கும், புகைக்குழாயில் பிசுபிசுப்பான கரி படியும். குழாயின் ஒரு பிளாஞ்சை (போல்ட் போட்ட இணைப்பு) கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்த கரி என்றால் கவலை இல்லை. ஈரக் கரி என்றால் லைனர், ரிங் இரண்டும் செலவில் சேரும். எஞ்சினையே திருப்பிச் சுற்றிப் பின்னோக்கிப் போகும் வகை என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் அழுத்தக் காற்று வேண்டும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, நிரம்பிய காற்று பாட்டிலிலிருந்து எத்தனை முறை ஸ்டார்ட் ஆகிறது என்று எண்ண வேண்டும். 12 வர வேண்டும். பின்னோட்டத்துக்கு கியர்பாக்ஸ் உள்ளதானால் 6 போதும்.

டீசல் கணக்கையும் போட்டுவிடுவோம். 2,000 குதிரைத்திறன் முழுப் பாரத்தில் மணிக்கு 370 லிட்டரளவு குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 33,000 ரூபாய். 10 டன் வகை, 850 குதிரைத்திறன் என்றால் 160 லிட்டர். எந்தப் படகுச் சங்கம் இதைத் தாங்கும் என்பதை வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு பொறி உண்டு. மோட்டார் பிளேட்டில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கரையின் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸை நேராகக் கொடுக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸில் அதற்கு 370 வோல்ட்டளவே தாங்கும். மீறினால் சூடேறிச் சுருள் கருகும். சரியான வோல்ட் கொடுத்தாலும் பம்பின் சுற்று ஆறில் ஒரு பங்கு குறைந்து, அழுத்தம் 30 சதவீதம் விழும். தீயணைப்புப் பீரங்கி எட்டும் தூரமும் அதோடு போச்சு.

டோ ஹூக் (இழுவை வடத்தை மாட்டும் கொக்கி) விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இழுக்கும் வடம் பக்கவாட்டில் திரும்பினால் டக்கே கவிழ்ந்துவிடும், அதுவும் நொடிகளில். அந்த நேரத்தில் வீல்ஹவுஸிலிருந்து லீவரை இழுத்தால் ஹூக் திறக்க வேண்டும். வெறும் ஹூக் திறப்பது சோதனை ஆகாது. பாரம் ஏற்றி, வடம் விறைத்து நிற்கும்போது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹூக்கின் துரு ஏறிய பூட்டு ஊசி பாரத்தில்தான் சிக்கும். கப்பலோடு ஒட்டி நின்றே வேலை பார்த்த துறைமுக டக்குகளில் டோ வின்ச் (இழுவை வடத்தைச் சுற்றும் உருளை) இல்லாமலும் இருக்கலாம். கதவு வாசல்படியும் பின்தளமும் தாழ்வாக இருந்தால் ஆனி, ஆடிக் கடலில் இழுவைக்கு இறங்கவே கூடாது.

1980-க்கு முந்தைய படகு என்றால் புகைக்குழாய்ச் சுற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வெல்டரை விட்டு உரிக்கக் கூடாது.

விலை பழைய இரும்புக் கணக்கை ஒட்டியே நிற்கும். காலி எடை 280 டன், கிலோ 35 ரூபாய் என்றால் 98 லட்சம். அதற்கு மேல் வரி. 'இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்' என்பதுதான் நிபந்தனை, கொண்டுவருவது நம் பாடு. விசாகப்பட்டினத்தில் எடுத்தால், பாம்பன் கால்வாயின் ஆழம் டக்குக்குப் போதாவிட்டால் இலங்கையைச் சுற்ற வேண்டும். கொச்சியில் எடுப்பதே புத்திசாலித்தனம். கப்பலைத் தண்ணீர் வற்றவைத்துப் பழுதுபார்க்கும் டிரை டாக்கும் அங்கேயே இருப்பதால் ஸ்டெர்ன் டியூப் பேரிங் (புரப்பெல்லர் தண்டைத் தாங்குவது), சுக்கான் இரண்டையும் பார்த்த பிறகே கிளம்பலாம். குளச்சலுக்கு 120 கடல் மைலுக்கு மேல், 8 நாட் வேகத்தில் 15, 16 மணி நேரம். பழுதுபார்ப்பை மேற்குக் கடற்கரைத் தடைக்காலமான ஜூன், ஜூலைக்குத் தள்ளாதீர்கள். எல்லாப் படகும் அப்போதுதான் கரையேற்றிப் பழுதுபார்க்க ஸ்லிப்வே தேடும்.

பதிவுக்குத் தூத்துக்குடி அல்லது கொச்சி எம்எம்டி (வணிகக் கப்பல் துறை) அலுவலகம். கடற்படைப் படகு வணிகக் கப்பல் விதிப்படி கட்டப்பட்டது அல்ல. டன்னேஜ் அளவு (படகின் கொள்ளளவு), லோடு லைன் (எதுவரை அமிழலாம் என்ற கோடு), ஸ்திரத்தன்மைப் புத்தகம் எல்லாம் புதிதாக வேண்டும். மூல வரைபடம் கைக்கு வராவிட்டால் தளத்தில் எடைகளை நகர்த்திச் சாய்வை அளக்கும் இன்க்ளைனிங் டெஸ்ட் செய்ய வேண்டும். இது முடியாமல் காப்பீடு தேடி அலைவது வீண். ஆள் கிடைப்பது மட்டும் கஷ்டமில்லை. வளைகுடா டக்குகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம் கடற்கரைக் கிராமங்களில் தாராளமாக இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள சான்றிதழ் எத்தனை கிலோவாட் எஞ்சின் வரை, எந்தக் கடல் எல்லை வரை செல்லும் என்பதை மட்டும் சம்பளம் பேசும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.