வால்வு ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டில் இருந்தது பிலிப்ஸ் 5 வால்வு செட். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவுக்குள் இருந்த, சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. போஸ்ட் ஆபீஸில் வருஷாவருஷம் லைசென்ஸ் கட்டி அப்பா வைத்திருந்தது. போன தை மாதம் இரைச்சல் கூடிக்கொண்டே போய், ஒரு நாள் பேச்சே நின்றுவிட்டது. பழைய ரேடியோ பார்ப்பதாகச் சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். "வால்வு எல்லாமே போச்சு சார், தேடித்தான் போடணும்" என்றார் கடைக்காரர். இரண்டு மாதம் நடையாய் நடந்து, மொத்தம் 4,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

தூக்கும்போதே கனம் குறைவாகத் தெரிந்தது. வீட்டில் சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் பாட்டு வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வால்வு செட் அப்படிப் பாடவே பாடாது. உள்ளே சூடேற அரை நிமிஷம் போல ஆகும், அதுவரை நிலையம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று காட்டும் பச்சைக் கண் மெல்ல ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இப்போது அந்தக் கண் இருந்த ஓட்டைக்குள் ஒரு பச்சை எல்இடி. குமிழைத் திருகினால் முள் நகர்கிறது, நிலையம் மாறவில்லை. திருச்சி வானொலி வர வேண்டிய மீடியம் வேவ் 936-இலும் அதே எஃப்எம்தான்.

பின்மட்டையைக் கழற்றினேன். வால்வு சாக்கெட் ஐந்தும் காலி. டிரான்ஸ்பார்மர் இரண்டும் இல்லை, அறுத்த ஒயர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் உள்ளங்கை அளவு யுஎஸ்பி எஃப்எம் போர்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கேட்டால், "பழசையெல்லாம் குப்பையில போட்டாச்சு" என்கிறார். நல்ல வால்வுக்கு என்ன விலை என்று தெரிந்த யாரும் அதைக் குப்பையில் போடமாட்டார்கள்.

அப்புறம்தான் பெரியவர் ஒருவரிடம் விவரம் கேட்டேன். ஐந்து வால்வும் ஒரே நேரத்தில் போவது அபூர்வமாம். இரைச்சல் கூடி நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளையில் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரை. காய்ந்துபோயிருந்தால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம்.

கொடுப்பதென்றால், பின்மட்டையைத் திறந்து ஈசிஹெச் 81, ஈஎல் 84 என்று வால்வு எண்கள் தெரிகிறமாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். திறக்கும்போது உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 250 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கலாம். பல வருஷம் ஓடாத செட்டை நேராகக் கரண்டில் செருகாமல், சீரிஸ் பல்பு (கரண்ட் அதிகமாகப் பாயாமல் தடுக்க லைனில் கோக்கும் பல்பு) வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெட்டியும் டயலும் இன்னும் முழுசாக இருக்கின்றன. வால்வு ஐந்தையும் டிரான்ஸ்பார்மர் இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.