அசிமத் டக்கா, ஷாஃப்ட் டக்கா? பலவகைக் கலங்கள் வைத்திருப்போருக்கு ஒரு ஒப்பீடு

பைலட் படகு, கயிறு கட்டும் படகு, பார்ஜ் (சரக்கேற்றும் தட்டையான படகு) என்று பலவகைக் கலங்களை ஓட்டும் சேவை நிறுவனம் எங்களுடையது. அடுத்த டக், அதாவது இழுவைக் கப்பல், எது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சின. ஒன்று, பின்பக்கம் இரண்டு அசிமத் திரஸ்டர் (கலத்துக்குக் கீழே திரும்பக்கூடிய புரொப்பெல்லர் அலகு) கொண்ட ஏஎஸ்டி டக். மற்றொன்று, புரொப்பெல்லரைச் சுழற்றும் இரட்டை ஷாஃப்டும் (தண்டு) சுக்கானும் கொண்ட வழக்கமான டக். நாங்கள் எடுத்தது இரண்டாவது.

ஏஎஸ்டியின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததே. திரஸ்டர் 360 பாகையும் திரும்பும். கலம் பக்கவாட்டிலும் நகரும். முன்னே இழுக்கும் விசை ஏறக்குறைய அப்படியே பின்னேயும் கிடைக்கும். ஷாஃப்ட் டக்கில் பின்னிழுப்பு நன்றாகவே குறையும். பெரிய கப்பலைத் துறையில் அணைப்பதுதான் அன்றாட வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏஎஸ்டிதான். எங்கள் வேலையில் பெரும்பங்கு பார்ஜ் இழுப்பது. கப்பல் அணைப்பது எப்போதாவதுதான்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது தண்ணீருக்குக் கீழே உள்ள பராமரிப்பு. கப்பல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வகுப்புச் சங்க விதிப்படி பொதுவாக 5 ஆண்டுக்குள் இரண்டு முறை அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும். இடைவெளி 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. இது இரண்டு வகைக்கும் பொது. சிக்கல், அந்தச் சோதனைக்காகக் கலத்தை உலர்துறையில் ஏற்றும் இரண்டு டாக்கிங்குக்கும் நடுவில்தான் வரும். மிதக்கும் கயிறோ மீன்வலையோ புரொப்பெல்லரில் சுற்றினால், ஷாஃப்ட் டக்கில் முக்குளிப்பவர் இறங்கி அறுத்தெடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஷாஃப்டின் தாங்கிகள் (பேரிங்) நீரால் உயவூட்டப்படும் வகை என்றால் அங்கே கசிய எண்ணெயே கிடையாது. தேய்மானத்தை டாக்கில் ஷாஃப்டுக்கும் தாங்கிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

திரஸ்டரில் அதே கயிறு நீர் புகாமல் தடுக்கும் சீலைக் கிழித்தால் கடல்நீர் கியர்பாக்ஸுக்குள் போகும், எண்ணெய் வெளியே வரும். சோதனைக்கு எடுத்த எண்ணெய் வெளுத்துத் தெரிந்தாலே கவலைதான். அப்படியே ஓட்டினால் பேரிங் அரிக்கும், அப்புறம் பெவல் கியர். அந்தப் பல்சக்கரங்களை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கையிருப்பில் கிடைப்பது அரிது. பழுது பார்க்கக் கலத்தைத் தூக்கியாக வேண்டும், பெரும்பாலும் தயாரிப்பாளரின் ஆளும் வர வேண்டும். ஒரே மாதிரி டக் நான்கைந்து வைத்திருக்கும் நிறுவனம் ஒரு உதிரித் திரஸ்டரை வாங்கி வைத்துச் சமாளிக்கும். எங்களைப் போல ஒவ்வொன்றும் வேறு வகையாக வைத்திருப்பவர்களுக்கு அது கட்டாது. ஷாஃப்ட், தாங்கி, சுக்கான் எல்லாம் எங்கள் ஃபிட்டர்கள் மற்ற படகுகளில் ஏற்கெனவே கைவைத்துப் பழகியவை.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்க முடியாது. ஷாஃப்ட் டக்கில் இழுவைக் கொக்கி கலத்தின் நடுப்பகுதிக்கு அருகில் இருக்கும். இழுகயிறு பக்கவாட்டில் இறுகினால் கலம் சில நொடிகளில் கவிழ்ந்துவிடலாம். முன்பக்க வின்ச்சிலிருந்து (கயிறு சுற்றும் இயந்திரம்) வேலை செய்யும் ஏஎஸ்டியில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. அதனால் கொக்கியின் அவசர விடுவிப்பைச் சோதிப்பதிலும், கயிற்றைப் பின்புறமாக அமுக்கிப் பிடிக்கும் காப் ரோப்பைப் போடுவதிலும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இந்த ஒழுங்கைக் காக்க முடியாத நிறுவனம் ஷாஃப்ட் டக் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆழக்குறைவான ஜெட்டிகளுக்கும் எங்கள் கலம் வசதி. திரஸ்டர்கள் அடிப்பகுதிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் ஏஎஸ்டிக்குப் பொதுவாக அதிக ஆழம் வேண்டும்.

மறுவிற்பனையில் ஏஎஸ்டிக்குத்தான் கிராக்கி அதிகம் என்பது என் கணிப்பு. ஆனால் நான் இதுவரை எந்த டக்கையும் விற்றதில்லை, அதனால் இதை அப்படியே நம்ப வேண்டாம். செங்குத்தான தகடுகள் சுழலும் வொய்த் ஷ்னைடர் வகையில் வேலை செய்த அனுபவமும் எனக்கு இல்லை. அதை ஒப்பீட்டில் சேர்க்காததற்குக் காரணம் அவ்வளவே. நாளைக்குப் பெரிய கப்பல்களை அணைக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைத்தால், ஒரு ஏஎஸ்டியை முதலில் ஆட்களோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்போம்.