சுங்கை சிப்புட் பட்டறையில் சொல்லிச் செய்த வில் கத்தி

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. செம்பனை அரிவாளைத் தீட்டவும் பாராங் என்கிற வெட்டுக்கத்திக்குப் புதுப் பிடி போடவும் தோட்டத்து ஆட்கள் அங்கேதான் போவார்கள். நான் போனது வேறு வேலைக்கு. மூங்கிலிலும் மரத்திலும் வில் செய்வது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். வில்லுக்கென்றே ஒரு பல வேலைக் கத்தி வேண்டுமென்று பென்சிலில் படம் போட்டு எடுத்துப் போனேன். பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது கத்தியா, இழைப்புளியா?” என்றார். இரண்டும்தான் என்றேன். சிரித்துவிட்டு முன்பணம் கேட்டார்.

படம் இதுதான். தகடு 20 சென்டிமீட்டர். பிடிப் பக்கம் 15 சென்டிமீட்டருக்கு மட்டும் கூர். முனையில் மிச்சம் 5 சென்டிமீட்டர் மொட்டையாக விட்டு, பிரம்பு சுற்ற வேண்டும். இடது கை அங்கே பிடித்தால் இரண்டு கையாலும் நெஞ்சுப் பக்கம் இழுத்துச் சீவலாம். பால்மரம் (ரப்பர்) சீவிய வீட்டில் வளர்ந்தவனுக்கு இழுக்கிற கத்திதான் கைக்கு வரும். மலாய்க்காரர்கள் பிரம்பு சீவும் பீசாவ் ராவுட் கத்தியும் எனக்குப் பிடிக்கும். பிடி நீளம், வாய் சின்னது, பிடியைக் கைக்கடியில் அணைத்துக்கொண்டு சீவலாம். ஆனால் வில் நீளத்துக்கு அது போதாது. கூர் ஒரு பக்கச் சரிவு மட்டும், மறுபக்கம் தட்டை. முதுகு 4 மில்லிமீட்டர் கனம், இரண்டு ஓரமும் சதுர மூலையாக நிற்க வேண்டும். அந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

இரும்பு என்னுடையது. லோரி வொர்க்‌ஷாப்பில் வேலை செய்வதால் ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வருஷக்கணக்காக பாரம் தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவினால் விரிசல் இருக்கிற இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு விழும். அப்படிப் பார்த்துத் தேர்ந்த துண்டைத்தான் கொடுத்தேன். பெரியவர் அதைத் தண்ணீரில் முக்கவில்லை, எண்ணெயில் முக்கினார். தண்ணீர் இந்த இரும்புக்கு ஆகாது, வெடித்துவிடும். அப்புறம் மெதுவாகச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினார். நீலம் வரைக்கும் விட்டிருந்தால் கூர் சீக்கிரம் மழுங்கியிருக்கும். கத்தி வாயில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், சறுக்கியது. இந்த ஒரு வேலைக்கே அவரிடம் மறுபடி போவேன்.

சரி, வில்லுக்கு வருவோம். வெளிநாட்டில் ஓசேஜ் என்கிற அமெரிக்க மரத்தில் வில் செய்கிறவர்கள் ஒரே ஆண்டு வளையத்தைப் பின்தொடர்ந்து சீவி வில்லின் முதுகை, அதாவது எய்கிறவனுக்கு எதிர்ப்பக்கத்தை, எடுப்பார்கள். நம் காட்டு மரங்கள் பலவற்றில் அந்த வளையம் தெளிவாகத் தெரியாது. வருஷம் முழுக்க வளர்கிற மரங்கள். அதனால் நார் ஓட்டத்தை நம்பித்தான் பிளக்க வேண்டும். பிளப்பதற்கு இந்தக் கத்தி லாயக்கில்லை. எடை போதாது, மொட்டை முனையைச் சுத்தியலால் தட்டினால் பிரம்பு பிய்கிறது. பிளக்கவும் வெட்டவும் பாராங் இருக்கிறது, அதை எடுங்கள்.

மூங்கிலில்தான் இதன் சாமர்த்தியம் தெரிகிறது. மூங்கிலின் வெளித்தோல் பக்கம் நார் அடர்த்தி அதிகம். இழுவிசை தாங்குகிற வில்லின் முதுகு அதுதான், அதில் கத்தி படக்கூடாது. உள்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும். தட்டைப் பக்கத்தைப் பதித்து இழுத்தால் நீளச் சுருளாக வருகிறது. சரிவுப் பக்கத்தைக் கீழே திருப்பினால் கத்தி ஆழப் பாயாமல் கணுப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. மூங்கிலில் மணல் சத்து உண்டு, கூரைத் தின்றுவிடும். அடிக்கடி தீட்டத்தான் வேண்டும். கத்தியைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கொடுத்த காசுக்கு உண்மையில் உழைப்பது கூர் அல்ல, கத்தியின் அந்தச் சதுர முதுகு. வில்லின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் 1 மில்லிமீட்டர் எடுத்தாலே விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். வளைவைச் சமன்படுத்தும் கடைசிக் கட்டத்தில் கூரால் ஒரு இழுப்பு இழுத்தால் கதை முடிந்தது. முதுகின் மூலையைச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்டினால் மாவு மாதிரித் தூள்தான் விழும். கொஞ்சம் சுரண்டி, நாணேற்றி, வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா பார்த்து, மறுபடி சுரண்டலாம். நான் இப்போது நேரத்தில் பாதியை முதுகில்தான் கழிக்கிறேன்.

அப்படிப்பட்ட முதுகைத்தான் பட்டறையில் அழகுக்காக உருட்டி மழித்துக் கொடுத்தார்கள்! அடிக்கோடு போட்டும்! “கையைக் கிழிக்குமேன்னு பார்த்தேன் தம்பி” என்றார் பெரியவர். அந்த அக்கறைக்கு என்ன பதில் சொல்வது? வீட்டில் அரத்தால் நானே சதுரமாக்கிக்கொண்டேன். பிடிக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள், வேர்வையில் வழுக்கியது, அதையும் தேய்த்து எடுத்தேன். நாண் மாட்டும் காடிக்கு உருண்டை அரம்தான் வேண்டும் என்பதால் அதை இந்தக் கத்தியிடம் நான் எதிர்பார்க்கவில்லை. சொன்ன நாளில் கத்தி தயாராகவும் இல்லை. தோட்டத்து அரிவாள்கள் குவிந்து கிடந்தன, அவற்றுக்குத்தான் முதலிடம். அது நியாயம்தான், அறுவடை காத்திருக்காது. பி.வி.சி. குழாயைச் சூடாக்கித் தட்டிச் செய்த உறை மட்டும் சும்மா கொடுத்தார். கச்சிதம்.

என் இரும்புக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கூலி. கடையில் விற்கிற சாதாரணப் பாராங்கை விடக் கூடுதல்தான், ஆனால் அளவு சொல்லிச் செய்தது. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் உலை அணைந்துவிடும். முதுகைத் தொடவேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள். திரும்பும்போது கத்தியை உறையிலிட்டுச் சுற்றி வண்டிப் பெட்டிக்குள் வையுங்கள்; இடுப்பில் செருகிக்கொண்டு டவுனில் டீ குடிக்கப் போனால் போலீஸ் கேள்வி கேட்கும், பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கு எதிராக 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.