சேர்த்து வைக்கப் பழைய பென்னியா, புதிய பென்னியா?

பென்னி எனப்படும் அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 1982-க்கு முன் அடித்ததும் பின் அடித்ததும் வேறு வேறு சரக்கு. பழையது 3.11 கிராம், 1943-இன் எஃகு நாணயத்தை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 95 சதவீதம் செம்பு. செம்பு கிலோ 9 டாலர் என்று வைத்தாலே ஒவ்வொன்றிலும் இரண்டரை சென்ட்டுக்கு மேல் உலோகம் இருக்கிறது. புதியது 2.5 கிராம், செம்பு முலாம் பூசிய துத்தநாகம். கிலோ 3 டாலர் விற்றாலும் முக்கால் சென்ட்தான். ஆனால் அதை அடிக்க 2024-இல் ஆன செலவு ஏறக்குறைய 3.7 சென்ட், அநியாயம்!

1982-இல் இரண்டு வகையும் வந்தன, எடை போட்டால் தெரிந்துவிடும். சேர்த்து வைக்க என் ஓட்டு பழையதற்குத்தான். உருக்க மட்டும் நினைக்காதீர்கள், 2006 டிசம்பரிலிருந்து அங்கே அதற்குத் தடை.