அம்மா புள்ளைக்கு எப்படி முகங்குடுக்கிறா எண்டு பார்க்க எந்த முறை நல்லம்?

கேள்வித்தாள் குடுத்தாக் காணாதா எண்டு முன்பள்ளி டீச்சர்மார் கனபேர் கேக்கிறாங்க. காணாது. "அழுதா உடனே தூக்குவன்" எண்டுதான் எல்லாத் தாய்மாரும் எழுதுவாங்க, கண்ணால பார்த்தாத்தான் விளங்கும்.

எனக்கு ஆக நம்பிக்கையானது தாய்-புள்ள பாசத்த ஆராய்ஞ்ச உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் பார்த்த முறைதான். 1950கள்ல உகண்டாவில வீட்டுக்கு வீடு போய்ப் பார்த்தவ, பிறகு அமெரிக்காவில பால்டிமோர்ல 26 குடும்பத்த புள்ளைக்கு ஒரு வயசு தாண்டும் வரைக்கும் மூணு கிழமைக்கு ஒருக்கா, ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் கிட்ட இருந்து பார்த்திருக்கா. புள்ள காட்டுற சைகை தாய்ட கண்ணுல படுதா, அத சரியா விளங்கிறாவா, பொருத்தமா செய்யிறாவா, சுணங்காம செய்யிறாவா, இதையெல்லாம் பார்த்து 1ல இருந்து 9 வரைக்கும் புள்ளி. நாலு மணித்தியாலம் ஆராலயும் நடிக்க ஏலா. ஆனா நம்மட மிட்வைஃப்மாருக்கு அவ்வளவு நேரம் எங்க கிடைக்கும்?

ஹோம் (HOME) எண்ட, வீட்டுச் சூழலப் பார்த்துக் குறிக்கிற பட்டியல் சுருக்கம். மூணு வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கு 45 விஷயம், ஆம் இல்லை, ஒரு விசிட்ல முடியும். இதுலதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இருக்கு. வந்தவங்க இருக்கக்குள்ள தாய் தானாப் புள்ளைய ரெண்டு தரமாவது புகழணும் எண்டு ஒண்டு. மட்டக்களப்புப் பக்கம் வாகரையிலயோ வெல்லாவெளியிலயோ ஒரு தாய் பிறத்தி ஆள்ட முன்னால தன்ட புள்ளைய மெச்சுவாவா, நாவூறு பட்டிடும் எண்டு பயந்து வாய மூடிக்கொண்டு இருப்பா, அதுக்கு "இல்லை" போட்டா அந்தத் தாய்க்கு அநியாயம்.

பிக்கோலோ (PICCOLO) எண்டது தாய் புள்ளையோட பழகுறத வீடியோவில பார்த்துப் புள்ளி போடுற பட்டியல். 10 மாசத்துல இருந்து 47 மாசம் வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கு, 10 நிமிஷ விளையாட்டு வீடியோ, 29 விஷயம், ஒவ்வொண்டுக்கும் 0, 1, 2. போனக் கண்டதும் தாய் விறைச்சுப் போறது குறைதான். எண்டாலும் தாய்க்கு உதவத்தான் பார்க்கிறீங்க எண்டா நான் இதத்தான் சொல்லுவன், ஏனெண்டா அவ நல்லாச் செய்த இடத்த அவவுக்கே போட்டுக் காட்டலாம். ஆராய்ச்சி எண்டா நேரம் ஒதுக்கி பல தரம் வீட்டுக்குப் போகத்தான் வேணும், குறுக்குவழி இல்ல.

தாய் வெளிநாட்டுல, வளர்க்கிறது அம்மம்மா எண்டா அம்மம்மாவ வச்சு வீடியோ எடுங்க. புது விளையாட்டுச் சாமான் வேணாம், வீட்டுல இருக்கிற சிரட்டையும் கரண்டியும் போதும். புள்ளைக்குப் பசி, நித்திரை எண்டா அண்டைக்கு எடுக்காம வேற நாள் போங்க.