ஜிஏ4: முதல் நாளே போட வேண்டிய செட்டிங்குகள்

தளத்துக்கு எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (ஜிஏ4) பற்றிய பேச்சில் அதிகம் அடிபடுவது அதன் திரைதான். மெனு புரியவில்லை, பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் எளிதாக இருந்தது என்பார்கள். பழையது 2023 ஜூலை 1-ஓடு நின்றுபோனது. புதிய திரை ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். ஓராண்டு ஓட்டிய பிறகு உண்மையில் வலிப்பது வேறு: இன்று போடும் செட்டிங் பெரும்பாலும் இன்று முதல்தான் செல்லும், முந்தைய மாதங்களைத் தொடாது.

டேட்டா ரிடென்ஷனை, அதாவது தரவை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற செட்டிங்கைப் பாருங்கள். அட்மினில் அது 2 மாதம் என்றே வரும். சாதாரண ரிப்போர்ட்டுகளுக்கு இதனால் பாதிப்பில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை. எக்ஸ்ப்ளோர் பகுதியில் ஒரு ஃபனல் (வாசகர் எந்தப் படியில் நின்றுவிடுகிறார் என்ற வரைபடம்) போட்டு, போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் ஒப்பிடப் போகும்போதுதான் பழைய தரவு இல்லை என்பது தெரியும். இதை 14 மாதமாக மாற்ற அரை நிமிடம் போதும். அழிந்த தரவோ திரும்பாது.

அதைவிட நீண்ட நினைவு வேண்டுமென்றால் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியோடு இணைப்பு. கட்டணமில்லாத ஜிஏ4 கணக்குக்கே கிடைக்கும், தினம் 10 லட்சம் ஈவென்ட் வரை அனுப்பும் (பக்கம் திறப்பது, ஸ்க்ரோல் செய்வது போன்ற ஒவ்வொரு செயலும் ஒரு ஈவென்ட்). இணைத்த நாளுக்கு முந்தைய தரவு வராது. இதில் ஒரு குழி உண்டு: பில்லிங் சேர்க்காமல் சாண்ட்பாக்ஸ் எனும் இலவச நிலையில் விட்டால் ஒவ்வொரு டேபிளும் 60 நாளில் காலாவதியாகும். பில்லிங் சேர்த்தால் மட்டும் போதாது, டேபிள்களின் தொகுப்பான டேட்டாசெட்டிலும் ஏற்கெனவே உள்ள டேபிள்களிலும் காலாவதியை நீக்க வேண்டும். மாதம் 10 ஜிபி சேமிப்பு இலவசம். சிறிய தளங்களுக்கு அது நெடுநாள் வரும்.

சொந்த வருகையை விலக்கும் ஃபில்டரில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, இன்டர்னல் டிராஃபிக் என்று ஐபி முகவரியைக் குறித்துவிட்டு, டேட்டா ஃபில்டர்ஸில் அதை ‘டெஸ்டிங்’ நிலையிலேயே விட்டுவிடுவது. ‘ஆக்டிவ்’ ஆக்கும்வரை எதுவும் விலகாது. இரண்டாவது, மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்களின் ஐபி மாறிக்கொண்டே இருப்பது. அங்கே ஐபியை நம்பிப் பயனில்லை. ஆசிரியர் குழுவின் பிரவுசர்களில் ஒரு குக்கி வைத்து, அது இருந்தால் டேக் மேனேஜர் (தளத்தில் அளவிடும் நிரல்களைச் சேர்க்கும் கூகுள் கருவி) வழியாக டிராஃபிக் டைப் பாராமீட்டரில் (ஈவென்ட்டோடு செல்லும் கூடுதல் விவரம்) ‘இன்டர்னல்’ (internal) என்று அனுப்பினால் அதே ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 200 பேர் வரும் தளத்தில் நான்கு பேர் கொண்ட குழுவின் வருகையே கணக்கைத் திரித்துவிடும்.

டைரக்ட் வருகை அதிகமாகத் தெரிந்தால் மக்கள் முகவரியைத் தட்டச்சு செய்து வருகிறார்கள் என்று மகிழ வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் தட்டிய இணைப்பும் பெரும்பாலும் ரெஃபரர் (எங்கிருந்து வந்தது என்ற தகவல்) இல்லாமல் வந்து அங்கேதான் விழும். பகிரும் இணைப்பின் கடைசியில் மூலம், மீடியம் (எந்த வகை வழி), கேம்பெயின் என்று சொல்லும் யூடிஎம் குறிப்புகளை ஒட்டுவதே வழி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு யூடிஎம்மில் உண்டு. எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். மீடியத்தில் மனம்போன சொல்லைப் போட்டால் அது வகைப்படுத்தப்படாத ‘அன்அசைன்ட்’ வரிசைக்குப் போய்விடும். ‘நியூஸ்லெட்டர்’ என்று மீடியம் வைத்து அனுப்பிய மடல்கள் அப்படிக் காணாமல்போனவை. மீடியம் ‘ஈமெயில்’ (email), ‘சோஷியல்’ (social) போன்ற கூகுளின் சொற்களாகவே இருக்க வேண்டும், மற்ற விவரத்தைக் கேம்பெயினில் எழுதலாம். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பில் யூடிஎம் வேண்டவே வேண்டாம், வந்த வழி குழம்பிவிடும்.

எங்கேஜ்டு செஷன் (வாசகர் ஈடுபாட்டோடு இருந்த வருகை) என்பது 10 விநாடி தங்கினாலே கிடைக்கும் பெயர். கட்டுரைத் தளத்துக்கு அது மிகக் குறைவு. டேக் செட்டிங்கில் 60 விநாடி வரை உயர்த்தலாம். தானாக வரும் ஸ்க்ரோல் ஈவென்ட் 90 சதவீதத்தில் மட்டுமே பதிவாகும். கட்டுரைக்குக் கீழே பின்னூட்டமும் தொடர்புடைய பதிவுகளும் நீண்டு கிடந்தால், முழுக்கப் படித்தவரும் அந்த 90-ஐத் தொடமாட்டார். டேக் மேனேஜரில் 25, 50, 75 என்று தனிப் பெயரில் ஈவென்ட் வையுங்கள். அந்த ஈவென்ட்டின் பாராமீட்டரை அன்றே கஸ்டம் டைமென்ஷனாக (ரிப்போர்ட்டில் பிரித்துப் பார்க்க நாமே சேர்க்கும் வகை) பதிவு செய்யுங்கள். பதிவுக்கு முன் வந்தவை ரிப்போர்ட்டில் தெரியாது.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு தொல்லை, பக்க முகவரி. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 45 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரியின் அந்தப் பகுதியை 200 எழுத்தில் நறுக்கிவிடுவதால் சுமார் 22 குறிகளே மிஞ்சும். ‘திருநெல்வேலி’ என்று தொடங்கும் பத்துக் கட்டுரைகள் ரிப்போர்ட்டில் ஒரே மாதிரிக் குறிக்கூட்டமாக நிற்கும், எது எது என்று பிரிப்பது கடினம். புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரி வையுங்கள். பழையவற்றை 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) இல்லாமல் மாற்றாதீர்கள்.

வாசகர் என்ன தேடி வந்தார் என்பதற்கு ஜிஏ4 பதில் சொல்லாது. கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல்தான் சொல்லும். அது 16 மாதத் தரவு வைத்திருக்கும், திரையில் 1000 வரிசை வரை காட்டும். குவெரி (தேடல் சொல்) ஃபில்டரில் ரெஜெக்ஸ் எனும் எழுத்து வடிவத் தேடலைத் தேர்ந்து [அ-ஹ] என்று கொடுத்தால் தமிழ் எழுத்தில் தேடியவை மட்டும் வரும். ‘பொருந்தாதவை’ என்று மாற்றினால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடியவை ஆங்கிலத் தேடல்களோடு வரும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பண்டத்தை மக்கள் எத்தனை விதமாக எழுதித் தேடுகிறார்கள் என்று தெரியும். அதில் அதிகம் வரும் வடிவம் தலைப்பிலோ முதல் பத்தியிலோ இல்லாத பக்கங்களைத்தான் முதலில் திருத்த வேண்டும்.